தமிழ் படித்த முன்ஷி

இடைநிலைப் பள்ளியில் முன்ஷி அப்துல்லா என்ற பெயரைப் படிக்காமல் நம்மில் யாரும் தேறியதில்லை. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அவர் முன்னோர் நாகூர் வழியாக வந்தவர்கள் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஈப்போவில் வாப்பாவின் கடையில் உட்கார்ந்த பிறகுதான் அவருடைய ஹிக்காயத் அப்துல்லாவை முழுதாக வாசித்தோம். பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது வேறு யாரைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை.

அப்துல்லா 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அந்தப் பெயர் நம் காதில் பள்ளி என்றே விழுகிறது. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் யமன் நாட்டு அரபி. குர்ஆன் ஓதிக்கொடுப்பவராக நாகூர் வந்து, அங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர். அவருடைய மக்கள் கப்பலேறிக் கிழக்கே பிரிந்தார்கள். ஒருவர் மலாக்காவில் இறங்கி மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த அப்துல் காதர்தான் அப்துல்லாவின் வாப்பா. உம்மாவின் பெயர் சலாமா. அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் சிறு வயதிலேயே மவுத்தாகிவிட்டதால் இவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். பாட்டியம்மா ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது. முதல் எழுத்து அங்கேதான்.

அப்துல் காதர் உள்நாட்டுக் கிராமங்களுக்குச் சரக்கு கொண்டுபோய் விற்றுக்கொண்டே, போன இடத்தில் ஓதியும் கொடுத்தவர். இதைப் படித்தபோது நம் வாப்பா நினைவுக்கு வந்தார். ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் சைக்கிளில் துணிமூட்டை கட்டி, லயம் லயமாகப் போய்க் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்தவர் அவர். கடன் கணக்கெல்லாம் தமிழில் எழுதிய சிட்டை நோட்டில் இருக்கும். இன்று அந்தத் தோட்டங்களில் சில செம்பனை, சில வீடமைப்புத் திட்டம். நோட்டு மட்டும் கடை அலமாரியில் இருக்கிறது. நம் பிள்ளைகளால் அதை வாசிக்க முடியாது.

அப்துல்லாவைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதும் கணக்குக்காகத்தான். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். பேரம் பேசவும் கணக்கு எழுதவும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் அவர் தமிழ் படித்தார். மலாயைத் தானே தேடிக் கற்றார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் இந்துஸ்தானி பழகிக்கொண்டு அவர்களுக்கு ஓதிக்கொடுத்தார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் வைத்தது.

ராஃபிள்ஸ் மலாக்காவில் இருந்தபோது ஏடுகளைப் படியெடுக்க வைத்த எழுத்தர்களில் இவர்தான் வயதில் இளையவர். ராஃபிள்ஸ் திரட்டிய மலாய்ச் சுவடிகள் 1824இல் கப்பலோடு எரிந்துபோயின. அந்தச் செய்தி கேட்டு அப்துல்லா வருந்தியது ஹிக்காயத்தில் இருக்கிறது. மற்றவர்கள் கப்பலையும் சரக்கையும் எண்ணினார்கள். இவருக்கு ஏடுகள் போனதுதான் துக்கம்.

நமக்கு மிகவும் நெருக்கமான வேலையை அவர் 1835இல் செய்தார். தம்பிமுத்து என்ற தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். சிங்கமும் எருதும், நடுவே கோள்மூட்டும் இரண்டு நரிகளும் வரும் அதே கதை. லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி நமக்கு அதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் மதரஸா உஸ்தாது கலீலா வ திம்னா என்று சொன்னபோது, இது பாட்டி கதையாயிற்றே என்று சிரித்தோம். நம் சிரிப்பில் தவறில்லை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனூஷிர்வான் காலத்தில் இக்கதைகள் இந்தியாவிலிருந்து பஹ்லவிக்குப் போயின. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ அரபியில் எழுதினார். அரபியிலிருந்து ஹீப்ரு, ஹீப்ருவிலிருந்து லத்தீன். லத்தீனிலிருந்து அன்டோன் ஃபான் ஃபோர் என்ற பாதிரியார் வூர்ட்டம்பெர்க் பிரபு எபர்ஹார்டுக்காக ஜெர்மனில் பெயர்த்தார். அச்சுக்கலை புதிதாக இருந்த காலம். 1480 வாக்கில் அது அச்சேறியது. பகுதிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் பிரபுவின் பெயரும் தம் பெயரும் வரும்படி அவர் அமைத்தார். மேற்கே இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன சரக்கை, தமிழ்க் கடையிலிருந்தே நேராக எடுத்து மலாய்க்காரர் கையில் கொடுத்தவர் அப்துல்லா. வியாபாரிக்கு இதன் அருமை தெரியும்: இடைத்தரகர் குறைந்தால் சரக்கு கெடாது.

அவரைக் குறை சொல்பவர்களும் உண்டு. 1838இல் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு கிளந்தான் சண்டையில் மாட்டிக்கொண்டபோது கடிதம் கொண்டுபோய், அந்தப் பயணத்தையும் எழுதினார். அதில் மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடி, ஆங்கிலேயர் ஆட்சியை ஓயாமல் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சி சில இடங்களில் நமக்கும் உறுத்துகிறது. கிறிஸ்துவ மிஷனரிகளிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்று, வேத மொழிபெயர்ப்பிலும் உதவியதால், ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி எவ்வளவு சுட்டிருக்கும் என்பது, நாலு பேர் பேச்சுக்கு நடுவில் கடை நடத்துபவர்களுக்குப் புரியும். அவர் தீன் மாறவில்லை. கற்ற அச்சுத்தொழிலையும் விடவில்லை. கல்லச்சில் 1849இல் வெளிவந்த ஹிக்காயத் அப்துல்லா, அரண்மனைக் கதைகள் மட்டுமே ஏட்டில் ஏறிய காலத்தில், ஒரு சாதாரண மனிதர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல்.

வீட்டில் துக்கம் அதிகம். சித்தி லேலா என்ற மகள் சிறுமியாகவே இறந்தாள். அழுது தீராத மனைவியைத் தேற்றவே ஒரு சிறு நூல் எழுதினார். அந்த மனைவியும் 1840இல் மலாக்காவில் பிரசவத்தில் மவுத்தானார். அதன்பின் ஊரில் இருக்கப் பிடிக்காமல் சிங்கப்பூருக்கே போய்விட்டார்.

1854இல் ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தையும் வழிநெடுக எழுதிக்கொண்டே போனார். மக்கா வந்து சேர்ந்ததோடு அந்தக் குறிப்பு நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் அந்தப் புனித மண்ணில் அவர் வஃபாத்தானார். மகன் முகமது இப்ராஹிம் ஜொகூர் அரசில் பணிபுரிந்தார். வாப்பாவைப் போலவே அவரும் போன ஊர்களைப் பற்றி எழுதிவைத்தார், மலாயில்.