ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம்

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒரு பெண்மணி வாழ்ந்தார்கள். காயம்பட்டோருக்கு மருந்திட்டுக் கட்டுவார்கள். கவனிப்பாரின்றி நலிந்துபோன முஸ்லிம்களுக்கு அல்லாஹ்விடம் நற்கூலியை மட்டுமே நாடிப் பணிவிடை செய்வார்கள். அவர்கள்தாம் ருஃபைதா (ரலி). அஸ்லம் கோத்திரத்தவர் என்பது ஸீரா ஆசிரியர்களின் கூற்று. அன்ஸாரிப் பெண் என்று குறிப்போரும் உளர். வரலாற்றாசிரியர்கள் அவர்களைப் பற்றி எழுதி வைத்தவை சில வரிகளே. ஆனால் அச்சில வரிகளிலேயே நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஆண்டுக்கணக்கில் பாடம் படிக்கலாம்.

ஹிஜ்ரி 5-ல், அதாவது கி.பி. 627-ல் அகழ்ப்போர் நடந்தது. அப்போரில் அவ்ஸ் கூட்டத்தாரின் தலைவர் ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து இரத்தக் குழாய் அறுபட்டது. அன்னாருக்கு வீடு இருந்தது, உறவினர் இருந்தனர், பெற்ற தாயும் உயிருடன் இருந்தார்கள். அப்படியிருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள், ஸஃதை ருஃபைதாவின் கூடாரத்தில் சேர்க்கும்படி கட்டளையிட்டார்கள். அக்கூடாரம் எங்கே இருந்தது? மஸ்ஜிதுந் நபவியில்! அருகில் வைத்துக்கொண்டால் அடிக்கடி சென்று நலம் விசாரிக்கலாம் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் நாட்டம். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் இரவு எப்படிக் கழிந்தது, பகல் எப்படிக் கழிந்தது என்று கேட்டறிந்தார்கள். இரத்தம் நிற்பதற்காகத் தம் கையாலேயே அக்காயத்திற்குச் சூடு போட்டார்கள். கை வீங்கவே மறுமுறையும் போட்டார்கள்.

சில வாரங்களுக்குப் பின் காயம் உடைந்து இரத்தம் பெருகி ஸஃது (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களின் மரணத்திற்காக அர்ஷே அசைந்தது என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ருஃபைதா (ரலி) அவர்களின் சிகிச்சையிலிருந்த இந்த நோயாளி பிழைக்கவில்லை. எனினும் அவர்களின் உழைப்பு வீணாயிற்று என்று எந்த ஆலிமும் எழுதவில்லை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அவனுடைய அடியானைத் தனித்து விடாமல் இருப்பதே நம்மீதுள்ள கடமை.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சம்பாதிக்கும் ஆண்மகன் படுத்துவிட்டால் அவனோடு அவனுடைய வீடே படுத்துவிடுகிறது. அடுப்பு எரியாது. பிள்ளைகளைக் கவனிக்க ஆளிருக்காது. நலிந்தவருக்கெல்லாம் பணிவிடை செய்வதைத் தம் பொறுப்பாக ஏற்ற ருஃபைதா (ரலி) அவர்களின் சேவை, காயத்திற்குக் கட்டுப் போடுவதோடு முடிந்துவிடவில்லை. நர்ஸ் வேலைக்குச் செல்லும் சகோதரிகளுக்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி வேண்டுமா?

அவர்கள் தனி ஒருவர் அல்லர். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று உணவு சமைத்துக் காயம்பட்டோரைப் பராமரித்தார்கள். ருபய்யிஃ பின்து முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்து, அடிபட்டோரை மதீனா கொண்டு சேர்த்தார்கள். பெண் ஆணுக்குச் சிகிச்சை செய்யலாமா என்பதற்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தனிப் பாடமே அமைத்து, அதன்கீழ் ருபய்யிஃ (ரலி) அவர்களின் செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். தேவைக்கு உட்பட்டு, ஹிஜாபின் ஒழுங்கு பேணிச் செய்யப்படும் இப்பணியை மார்க்கம் தடுக்கவில்லை.

மேல்நாட்டார் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ல் 38 தாதியருடன் துருக்கியின் உஸ்குதாருக்கு வந்தார். காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்ததோடு, இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார். சிப்பாய்களின் சம்பளப் பணம் ஊருக்குப் போய்ச் சேரவும் ஏற்பாடு செய்தார். நல்லதை யார் செய்தாலும் நல்லதே. ஆயினும் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கூடாரம் நம் பள்ளிவாசலில் இருந்ததை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? டெல்லி ஜாமிஆ ஹம்தர்தில் உள்ள நர்ஸிங் கல்லூரி ருஃபைதாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நம் புதுச்சேரிக்கு வருவோம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததே 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரில் கோரிமேட்டில் இயங்கும் மருத்துவமனை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஏழைகள் நோயாளிகளைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடும். உடன் வந்த தாய்க்கு? கைக்குழந்தையுடன் வந்த மனைவிக்கு? எந்தச் சீட்டை எங்கே காட்டுவது என்றே தெரியாமல் திகைப்பவர்கள் எத்தனை பேர்! வேலை நேரம் முடிந்த பிறகும் நின்று அவர்களுக்கு வழி சொல்லி, தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்து, ஆறுதல் சொல்லும் நர்ஸ் ஒருத்தி, எந்தச் சமயத்தவளாயினும், ருஃபைதாவின் வேலையைச் செய்கிறாள். அவளை மரியாதையுடன் பேச வேண்டியது நம் கடமை.

நர்ஸ் வேலையா, வேண்டாம் என்று மகளைத் தடுக்கும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். ஆனால் மனைவிக்குப் பேறுகாலம் வந்தால் முஸ்லிம் நர்ஸ் உண்டா என்று தேடுவதும் அவர்களே! மருத்துவப் பணி பர்ளு கிஃபாயா. ஒருவருமே செய்யாவிட்டால் சமுதாயம் முழுவதும் குற்றவாளியாகும். பாதுகாப்புக்கு வழி தேடுவது தகப்பனின் பொறுப்பு. பணியையே இழிவாகப் பேசுவது தகாது.

முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் வாழும் நம் மக்களுக்குக் கோரிமேடு தூரமில்லை. ஜுமுஆ முடிந்ததும் ஒவ்வொரு வாரமும் இருவர் சென்று நோயாளிகளை நலம் விசாரிக்கட்டும். வீட்டில் ஆக்கும் சோற்றில் இரண்டு பொட்டலம் கட்டி, உடனிருப்போருக்குக் கொடுத்து அனுப்புவது நம் பெண்களால் இயலாததா? பெருமானார் (ஸல்) அவர்கள் நோயாளியைப் பள்ளிவாசலுக்கு அருகில் கொண்டுவந்தார்கள். நாமோ பள்ளிவாசலிலிருந்து எழுந்து நோயாளியிடம் செல்லக்கூடத் தயங்குகிறோம்.

ருஃபைதா (ரலி) அவர்கள் கூலி கேட்கவில்லை, புகழும் தேடவில்லை. அவர்களின் கூடாரத்தை அல்லாஹ் கியாமத் நாள்வரை நினைவில் நிற்கச் செய்துவிட்டான். அத்தகைய இரக்கத்தை நம் வீடுகளிலும் வளர்க்க வல்ல நாயன் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.