விட்டுப்போன ஒரு சொல்: ஒப்பந்தச் சட்டத்தை வளர்த்த நீதிபதி கார்டோசோ

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் ஒப்பந்தச் சட்டம் படிக்கும்போது தவறாமல் எதிர்ப்படும் பெயர் பெஞ்சமின் நேத்தன் கார்டோசோ. இத்தனைக்கும் அவர் சட்டப் பட்டம் பெறாதவர். ஊழல் புகாரால் பதவியை விட்டு விலகிய ஒரு நீதிபதியின் மகன். அந்தக் குடும்பப் பெயரைப் பிற்காலத்தில் நாடே மதிக்கும்படி செய்த அவருடைய வாழ்க்கை, மாணவர்களே, நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

தந்தையின் நிழல்

கார்டோசோ 1870 மே 24ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். எமிலி என்ற சகோதரி அவருடன் இரட்டையாகப் பிறந்தவர். ஐபீரிய நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்த யூத வழியில் வந்த, நகரில் மதிப்புமிக்க குடும்பம் அது. தந்தை ஆல்பர்ட் கார்டோசோ நியூயார்க் மாநில நீதிபதி. அந்நாளில் அந்நகரின் அரசியலை டமனி ஹால் என்னும் கட்சி அமைப்பு தன் பிடிக்குள் வைத்திருந்தது. அதன் தலைவர்களுக்கு வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்று ஆல்பர்ட் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. பதவி நீக்க நடவடிக்கை நெருங்கிய நிலையில், 1872ஆம் ஆண்டு அவரே பதவி விலகினார். மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஒன்பது வயதில் தாயையும் பதினைந்து வயதில் தந்தையையும் பெஞ்சமின் இழந்தார். மூத்த சகோதரி நெல்லிதான் தாயாக இருந்து அவரை வளர்த்தார். ஏழைச் சிறுவர்கள் உழைத்து முன்னேறும் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஹொரேஷியோ ஆல்ஜர், சில காலம் வீட்டுக்கே வந்து அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து வயதிலேயே கொலம்பியா கல்லூரியில் இடம் கிடைத்தது. 1889ஆம் ஆண்டு பட்டம் பெற்றபின் அங்கேயே சட்டம் பயிலச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாக நீட்டிக்கப்பட்டபோது, மூன்றாம் ஆண்டுக்குக் காத்திராமல் வெளியேறி, 1891ஆம் ஆண்டு வழக்கறிஞரானார். அக்காலத்தில் அது இயலக்கூடிய ஒன்றாக இருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் அமைதியாக வழக்கறிஞர் தொழில் செய்தார். மேல்முறையீட்டு வழக்குகளில் அவருடைய வாதங்கள் சட்டத்தை நுணுகி ஆராய்பவையாக இருந்ததால், பிற வழக்கறிஞர்களே சிக்கலான வழக்குகளை அவரிடம் கொண்டுவந்தனர்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்க நீதித்துறையைப் படிப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே இரண்டு நீதிமன்ற அமைப்புகள் அருகருகே இயங்குகின்றன என்பது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. நாடு முழுவதற்குமான கூட்டரசு நீதிமன்றங்கள் வேறு. வீடு கட்டுவது, பொருள் வாங்குவது, வேலைக்கு அமர்த்துவது போன்ற அன்றாட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கூட்டரசு நீதிபதிகளை அதிபர் முன்மொழிகிறார், செனட் அவை ஒப்புதல் அளிக்கிறது. அவர்களுக்குப் பதவிக்கால வரம்பு இல்லை. மாநில நீதிபதிகளோ பல இடங்களில் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

நியூயார்க்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே உச்ச நீதிமன்றம் என்ற பெயரில் இயங்குவது, வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம். மாநிலத்தின் இறுதித் தீர்ப்பை வழங்குவது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

1913ஆம் ஆண்டு டமனி ஹாலை எதிர்த்தவர்கள் ஒன்றுகூடி, அந்த விசாரணை நீதிமன்றத்துக்குக் கார்டோசோவை வேட்பாளராக நிறுத்தினர். குறைந்த வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். தந்தை விலகிச் சென்ற அதே நீதிமன்றத்தில், ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகன் நீதிபதியாக அமர்ந்தார். தந்தையை ஆட்டிவைத்த அமைப்பின் தயவில் அவர் வரவில்லை. அதை எதிர்த்து வந்தார். சில வாரங்களிலேயே, 1914ஆம் ஆண்டு தொடக்கத்தில், மாநில ஆளுநர் அவரை மேல்முறையீட்டு நீதிமன்றப் பணிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி, தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார்.

எழுதப்படாத வாக்குறுதி

ஓர் ஒப்பந்தம் செல்லுபடியாக என்ன வேண்டும்? ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்றவர் அதை ஏற்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் ஏதேனும் தரவோ செய்யவோ முன்வர வேண்டும். இந்த மூன்றாவதை மறுபயன் என்பார்கள். ஒருவர் மட்டும் கொடுத்து மற்றவர் ஒன்றும் தராவிட்டால் அது அன்பளிப்பு ஆகலாம், ஒப்பந்தம் ஆகாது.

1917ஆம் ஆண்டு கார்டோசோ முன் வந்த வழக்கு இந்த மறுபயனைப் பற்றியது. லேடி டஃப் கோர்டன் எனப்பட்ட லூசி அக்காலத்தின் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர். டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களில் ஒருவர். அவர் பெயர் ஒட்டியிருந்தாலே துணி விற்கும். அந்தப் பெயரைப் பிறர் பொருள்களுக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்யும் தனியுரிமையை ஓட்டிஸ் வுட் என்ற முகவரிடம் அவர் ஒப்படைத்தார். வரும் இலாபத்தில் ஆளுக்குப் பாதி. ஆனால் லூசி, முகவருக்குத் தெரியாமல் வேறிடத்தில் தம் பெயரைக் கொடுத்து, வந்த பணத்தையும் தாமே வைத்துக்கொண்டார். வுட் வழக்குத் தொடுத்தார்.

லூசியின் வாதம் எளிமையானது. தாம் உழைப்பதாக வுட் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் எழுதித் தரவில்லை. எனவே மறுபயன் இல்லை. எனவே ஒப்பந்தமே இல்லை. இடைநிலை நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கார்டோசோ ஏற்கவில்லை. தனியுரிமை முழுவதும் வுட் கையில் இருந்தது. அவர் முயன்றால்தான் லூசிக்கு ஒரு காசாவது வரும். மாதந்தோறும் கணக்குக் காட்டவும் வுட் ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்றுமே செய்யாமல் இருக்க நினைப்பவர் கணக்குக் காட்டச் சம்மதிப்பாரா? ஆகவே நியாயமான முயற்சி எடுப்பதாக அவர் வாக்களித்ததற்கு ஒப்பந்தம் முழுவதுமே சான்று என்று கார்டோசோ தீர்ப்பளித்தார். ஒரு சொல் விட்டுப்போனதைக் காட்டித் தப்பிக்கும் வழி அடைபட்டது.

வேறு பெயர் கொண்ட குழாய்

1921ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றும் இன்றுவரை வகுப்பறைகளில் விவாதிக்கப்படுகிறது. கென்ட் என்பவருக்காக ஒரு கட்டுமான நிறுவனம் 77,000 டாலருக்கு மேற்பட்ட செலவில் வீடு கட்டியது. தண்ணீர்க் குழாய்கள் ரெடிங் என்ற நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கவனக்குறைவால் வேறு நிறுவனங்களின் குழாய்களும் பொருத்தப்பட்டுவிட்டன. வீட்டுக்காரர் குடியேறிப் பல மாதங்கள் கழித்தே இது தெரியவந்தது. குழாய்களை மாற்றச் சுவர்களை இடிக்க வேண்டும். மறுத்த கட்டுமான நிறுவனத்துக்கு அவர் 3,483 டாலர் பாக்கியைத் தரவில்லை.

பொருத்தப்பட்ட குழாய்கள் தரத்தில் குறைந்தவை அல்ல, பெயர்தான் வேறு என்பதே கட்டுமான நிறுவனத்தின் வாதம். வேலை சாரத்தில் நிறைவேறிவிட்டது. சிறு பிழைக்காக முழுப் பாக்கியையும் பறிப்பது நீதியாகாது. வீட்டின் மதிப்பில் ஏற்பட்ட வேறுபாட்டைக் கழித்துக்கொண்டால் போதும் என்றார் கார்டோசோ. இங்கே அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறியவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றும், அம்மியும் நகராத அளவுக்குக் கறாராக வேண்டுவோர் அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம் என்றும் வரம்பு வகுத்தார்.

எழுவரில் மூன்று நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. வீட்டுக்காரர் பணம் கொடுத்துக் கேட்டது ரெடிங் குழாய். அதைத் தராதவருக்கு எதற்குப் பணம் என்பது அவர்கள் நிலை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது அல்லவா? நீங்கள் அந்த இருக்கையில் இருந்தால் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பீர்கள் என்று நண்பர்களோடு வாதிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்துக்கு அப்பாலும் கடமை உண்டு என்பதையும் அவர் காட்டினார். பியூக் கார் ஒன்றின் மரச் சக்கரம் ஓட்டத்தில் உடைந்து, உரிமையாளர் காயமுற்றார். கார் விற்பனையாளரிடம் வாங்கப்பட்டது. எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது தயாரிப்பு நிறுவனம். அலட்சியமாகச் செய்தால் ஆபத்தாகும் பொருளைத் தயாரிப்பவர், அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கும் பொறுப்பாளியே என்று 1916ஆம் ஆண்டு கார்டோசோ தீர்ப்பு எழுதினார். நுகர்வோர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

வாஷிங்டனில்

நீதிபதிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1921ஆம் ஆண்டு நூலாக வந்தன. தர்க்கம், வரலாறு, வழக்கம், சமூக நலன் ஆகிய நான்கும் ஒரு தீர்ப்பை வடிவமைக்கின்றன என்று அதில் விளக்கினார்.

1932ஆம் ஆண்டு ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஓய்வு பெற்றபோது, அவர் இடத்துக்குக் கார்டோசோவை அதிபர் ஹூவர் முன்மொழிந்தார். கூட்டரசு உச்ச நீதிமன்றத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த இருவரும், யூதர் ஒருவரும் ஏற்கெனவே இருந்தனர். அந்தக் கணக்குகள் எல்லாம் அவருடைய தகுதிக்கு முன் எடுபடவில்லை. செனட் அவை எதிர்ப்பின்றி ஒப்புதல் அளித்தது. 1937ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவி ஆகியவற்றைக் கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் செல்லும் என்ற தீர்ப்புகளை எழுதியவர் அவரே.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்மை வளர்த்த நெல்லி 1929ஆம் ஆண்டு மறையும்வரை அவருடனேயே வாழ்ந்து, நோயில் அருகிருந்து கவனித்துக்கொண்டார். 1938 ஜூலை 9ஆம் நாள், அறுபத்தெட்டாம் வயதில் கார்டோசோ காலமானார். நியூயார்க்கில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சட்டக் கல்லூரி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1872ஆம் ஆண்டு அந்த ஊரில் தலைகுனிந்த அதே கார்டோசோ என்ற பெயர்தான் அது.