சாண்டோ என்று ஒரு மனிதர்



கை வைக்காத பனியனைக் கடையில் என்ன சொல்லிக் கேட்கிறீர்கள்? சாண்டோ பனியன் என்றுதானே? எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படமெடுத்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னாலும் ஒரு சாண்டோ உண்டு. டைட்டிலில் அதைப் பார்த்துவிட்டு, அவருடைய சொந்த ஊர் போலிருக்கிறது என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு பயில்வானின் பெயர், பிரஷ்யாவில் பிறந்து லண்டனில் மறைந்தவர் என்று. கோயம்புத்தூரில் தேகப்பயிற்சி செய்து உடம்பை ஏற்றிய தேவருக்கு அந்தப் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டது. பனியனின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான் என்பார்கள்.

அவரைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் கிளப்ஹவுஸ் ஜிம்மை என்ன செய்வது என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப்போகிறோம். ஜனவரி முதல் வாரம் டிரெட்மில்லுக்கு வரிசை நிற்கிறது. மார்ச்சில் அதன் கைப்பிடியில் யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு தொங்குகிறது. என் ஓட்டு எந்தப் பக்கம் என்று இங்கே சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கி உடம்பை அசைத்தாக வேண்டும் என்கிற நினைப்பை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் இந்த மனிதர். அவர் கதையைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.

அவருடைய நிஜப் பெயர் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2-ஆம் தேதி கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்ததாகவும், அப்பாவோடு இத்தாலிக்குப் போனபோது பழங்காலச் சிலைகளைப் பார்த்து இப்படி ஓர் உடம்பு வேண்டும் என்று தீர்மானித்ததாகவும் பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. உடற்பயிற்சி விற்கிறவர் தான் நோஞ்சானாக இருந்ததாகச் சொன்னால்தானே சரக்கு போகும்!

கட்டாய ராணுவ சேவையைத் தவிர்க்க ஊரைவிட்டுக் கிளம்பியவர் சர்க்கஸ்களில் வேலை பார்த்தார். பிரஸ்ஸல்ஸில் அட்டிலா என்ற மேடைப் பெயர் கொண்ட ஒரு வாத்தியார் கிடைத்தார். எடை தூக்குவதையும், தூக்குவதை ஜனங்கள் ரசிக்கும்படி தூக்குவதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். யூஜின் சாண்டோ என்ற பெயரும் அந்த நாட்களில் வந்ததுதான்.

1889-இல் லண்டனில் சாம்சன் என்ற பலசாலி மேடை போட்டு, தன்னை ஜெயிப்பவருக்குப் பரிசு என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ராத்திரி கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் மேடைக்கு வந்தார். விருந்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டு, ஒற்றைக் கண்ணாடி. ஜனங்கள் சிரித்தார்களாம். கோட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சாம்சன் செய்ததையெல்லாம் இவரும் செய்து காட்டினார். மறுநாள் காலையில் லண்டன் முழுக்க இவர் பேச்சுதான்.

அடுத்தது அமெரிக்கா. 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த சமயம், ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்ற இளம் நிகழ்ச்சி அமைப்பாளர் இவரைப் பிடித்துக்கொண்டார். சாண்டோ தூக்கும் எடையைவிட சாண்டோவின் உடம்பைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். 1894-இல் எடிசனின் ஸ்டூடியோவில் சாண்டோ தசையை முறுக்கிக் காட்டுவதைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாத அந்தப் படம் சினிமாவின் ஆரம்ப காலப் படங்களில் ஒன்று. அதே வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு சண்டை என்று விளம்பரம் செய்தார்கள். சிங்கத்தின் வாய்க்குக் கூடு, கால்களுக்கு உறை. பாவம், அது சண்டைக்கே வரவில்லை. ஜனங்கள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நூறு பயில்வான்களில் ஒருவராக மறக்கப்பட்டிருப்பார். லண்டனுக்குத் திரும்பியவர் 1897-இல் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். பலம் பெறுவது எப்படி என்று புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். அவர் குறி வைத்தது பயில்வான்களை அல்ல, குமாஸ்தாக்களை. காலையில் ரயிலேறி ஆபீசுக்கு வந்து, நாள் பூராவும் குனிந்து கணக்கெழுதி, ராத்திரி திரும்பும் கூட்டம் லண்டனில் அப்போது பெருகிக்கொண்டிருந்தது. வயலில் வேலை செய்கிறவனுக்கு வேலையே பயிற்சி. பேனா பிடிக்கிறவனின் உடம்புக்குப் பட்டணத்து வாழ்க்கை எந்த வேலையும் தருவதில்லை, அந்த வேலையை அவனேதான் உடம்புக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சாண்டோவின் வாதம்.

அவர் சொன்ன முறையும் எளிமையானது. சில பவுண்டு எடையுள்ள சின்ன டம்பெல்கள் போதும். தினமும் கொஞ்ச நேரம், வீட்டிலேயே. ஆனால் கவனம் முழுக்க அசைகிற தசையின் மேல் இருக்க வேண்டும், கையை வெறுமனே ஆட்டினால் பிரயோஜனம் இல்லை. அதற்காகவே ஸ்பிரிங் வைத்த ஒரு டம்பெல்லைத் தயாரித்தார். இரண்டு பாதியாக இருக்கும், பயிற்சி முடியும்வரை விரலால் அழுத்தி மூடியே பிடித்திருக்க வேண்டும். மனசு வேறெங்காவது போனால் பிடி தளர்ந்து திறந்துகொள்ளும். காதில் பாட்டு, கண்ணில் டி.வி. என்று டிரெட்மில்லில் நடக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மார்பு, புஜம், தொடை என்று உங்கள் அளவுகளை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். சில மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஓபனிங் பேலன்ஸ், குளோசிங் பேலன்ஸ் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு நமக்கெதற்கு?

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க் வேலை. லெட்ஜர் காலத்தில் அலமாரிவரை நடக்கவாவது வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின் அதுவும் போயிற்று. போன வருஷம் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து தாயம் விளையாடிவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. சோபாவைப் பிடித்தும் முடியவில்லை. என் மனைவி ஒரு கையும் பேத்தி ஒரு கையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பேத்தி சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நாளைக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது விழுந்தால்?

மறுநாளே ஒரு பழைய டயரியை எடுத்தேன். தரையிலிருந்து எழ எத்தனை கை ஊன்ற வேண்டியிருக்கிறது, எதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் இரண்டு கை, ஒரு நாற்காலி. ஏழு மாதம் கழித்து ஒரு கை. நாற்காலி இல்லை. வாங்கியது ஒரு கிலோ டம்பெல் இரண்டு, அவ்வளவுதான்.

சாண்டோவுக்கு வருவோம். 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு போட்டி நடத்தினார். இன்றைய ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. மொத்தப் பரிசு 1,000 கினி. ஒரு கினி 21 ஷில்லிங், ஆகவே 1,050 பவுண்டு என்று வாசிக்கும்போதே கை தன்னால் கணக்குப் போட்டது, பழக்க தோஷம். மூன்று நடுவர்களில் சாண்டோ ஒருவர், லாஸ் என்ற சிற்பி ஒருவர், மூன்றாமவர் ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயில். பெரிய புஜம் வைத்திருப்பவருக்குப் பரிசு என்று விதி போடவில்லை. உடம்பு முழுக்க ஒரே சீராக வளர்ந்திருக்கிறதா, ஆரோக்கியம் எப்படி, தோல் எப்படி என்றெல்லாம் பார்த்தார்கள். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே ஜெயித்தார். சாண்டோவின் உருவத்தில் செய்த சிறிய சிலைதான் பரிசு.

அந்தச் சமயம் பிரிட்டனுக்குத் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். பட்டாளத்தில் சேர வந்த பட்டணத்து இளைஞர்களில் ஏராளமானவர்களை உடம்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஜனங்களின் உடல் சீரழிகிறதா என்று பார்க்க அரசாங்கம் ஒரு குழுவே போட்டது. அந்தப் பயத்தில் சாண்டோவின் பேச்சு இன்னும் எடுபட்டது. நல்ல விஷயம் பரவ ஒரு பயம் தேவைப்படுகிறது, என் விஷயத்திலும் அப்படித்தானே.

பிறகு உலகச் சுற்றுப்பயணம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, 1904-05-இல் இந்தியா. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் இங்கே ஏற்கெனவே இருந்தவை, அவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு குரு வேண்டும், மண் கொட்டிய களம் வேண்டும், நாலு பேர் கூட வேண்டும். சாண்டோவின் பயிற்சியோ தபாலில் வந்தது. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு மூலை இருந்தால் போதும். தன்னை ஆள்கிறவர்கள் தன்னைப் பலவீனன் என்று நினைப்பது உறுத்திக்கொண்டிருந்த காலத்தில், இங்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

எல்லோரும் விடாமல் செய்தார்களா? ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய யுலிஸஸ் நாவலின் கதாநாயகன் புளூம், 1904-ஆம் வருஷத்து டப்ளினில் பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கிற நடுத்தர வயதுக்காரர். சாண்டோவின் புத்தகம் அவர் அலமாரியில் இருக்கிறது. இரண்டு மாதம் பயிற்சி செய்து அளவெடுத்த அட்டவணை மேஜை டிராயரில் கிடக்கிறது. மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நம் ஜிம்மின் மார்ச் மாதத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது.

சாண்டோ 1906-இல் பிரிட்டிஷ் பிரஜையானார். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தன் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். புகழ் உச்சத்தில் இருந்தபோது கொக்கோ வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்ற வெறுப்பு சேர்ந்துகொள்ள, 1916-இல் அந்தக் கம்பெனி மூழ்கியது. தெரிந்த தொழிலில் சேர்த்ததைத் தெரியாத தொழிலில் போட்டவர்கள் பலரை எங்கள் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

1925 அக்டோபர் 14-ஆம் தேதி இறந்தார். வயது 58. எங்கள் வங்கியில் என்றால் இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. மூளையில் ரத்தக்கசிவு என்று பத்திரிகைகள் எழுதின. விபத்தில் சிக்கிய காரைத் தனியாளாகத் தூக்கியதால் வந்த வினை என்றும் சேர்த்து எழுதின. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வீங்கியிருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர்களின் ஊகம். கார் கதை எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் கவனியுங்கள், சின்ன டம்பெல் போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரைக் கடைசிவரை பாரம் தூக்குகிறவராகத்தான் ஜனங்கள் பார்க்க விரும்பினார்கள். அதற்கு அவரும் ஒரு காரணம். வயிற்றுப்பாடு மேடையில் இருந்தது, உபதேசம் புத்தகத்தில் இருந்தது.

1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் ஜெயிப்பவருக்கு சாண்டோவின் சிலையைத்தான் கொடுக்கிறார்கள். அங்கே மேடையேறும் உடம்புகளைப் பார்த்தால், 1901-இல் உட்கார்ந்த மூன்று நடுவர்களும் என்ன மார்க் போடுவார்களோ என்று தோன்றும்.

லண்டன் பட்னி வேல் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். மனைவி பிளான்ச் கல் வைக்க விடவில்லை. கணவன் மேல் அவருக்கு என்ன வருத்தமோ, உலகமே பார்த்து வியந்த உடம்பு பெயர்ப்பலகைகூட இல்லாமல் எழுபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. 2002-இல் ஓர் அபிமானி கல்வெட்டு வைத்தார். 2008-இல் குடும்பத்தார் அதை எடுத்துவிட்டுச் செதுக்காத பெரிய பாறை ஒன்றை நிறுத்தினார்கள். அதில் மேலிருந்து கீழாக சாண்டோ என்று மட்டும் பொறித்திருக்கிறது.