காசு வேண்டாம் என்ற கண்டுபிடிப்பாளர்

குழந்தைகளே! மார்கழி மாதத்தில் கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? காலையில் வெள்ளிமலைப் பக்கம் பனி மூடிக் கிடக்கும். விறகை மூட்டிக் குளிர் காய்ந்தால் முகம் சுடும், முதுகு நடுங்கும். வீட்டுக்குள் மூட்டினால் புகையில் கண் எரியும்.

ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மக்களுக்கும் இதே தொல்லைதான். அதைத் தீர்க்க முயன்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

இவர் 1706 ஜனவரி 17-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளில் இவர் 15-வது பிள்ளை. பத்து வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவல் வாங்கிய புத்தகங்களை இரவெல்லாம் படித்தார். 17 வயதில் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். அங்கே உழைத்துச் சொந்த அச்சகம் தொடங்கினார். 1731-ல் நண்பர்களுடன் சேர்ந்து நூலகமும் அமைத்தார்.

அக்காலத்தில் வீட்டுச் சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். அதன் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். ஊரைச் சுற்றியிருந்த மரங்களும் குறைந்தன. தொலைவிலிருந்து வந்ததால் விறகின் விலை ஏறியது. ஏழைகள் குளிரில் வாடினர்.

பிராங்க்ளின் யோசித்தார். 1740-களின் தொடக்கத்தில் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பை வடிவமைத்தார். புகை நேராக வெளியேறாமல், உள்ளே சுற்றிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். அந்தச் சூட்டில் காற்று வெதுவெதுப்பாகி அறைக்குள் வரும்.

அதைத் தனியாக விற்கும் உரிமையைத் தர மாகாண ஆளுநர் முன்வந்தார். பிராங்க்ளின் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் பெறுகிறோம். நம்முடையதும் பிறருக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். 1744-ல் செய்முறையைச் சிறு நூலாகவே அச்சிட்டார். லண்டனில் ஒருவர் அதைச் சற்றே மாற்றி, காப்புரிமை பெற்றுப் பணம் சம்பாதித்தார். பிராங்க்ளின் வழக்குப் போடவில்லை.

அந்த அடுப்பில் குறையும் இருந்தது. புகை கீழ்நோக்கி இறங்க வேண்டியிருந்ததால், சூடு குறைந்தால் அறைக்குள் திரும்பிவிடும். செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததால் பின்வந்தவர்கள் புகைக்குழாயை மாற்றிக் குறையைத் தீர்த்தனர்.

மின்னலும் மின்சாரமே என்று காட்டியவர், இடிதாங்கியைத் தந்தவர், 1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் எல்லாம் இவரே. 1790 ஏப்ரல் 17-ல், 84-வது வயதில் மறைந்தார்.

குழந்தைகளே! நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள், புகை குறையும். ஆனால், மூடிய அறைக்குள் கரியோ விறகோ மூட்டிவிட்டு ஒருபோதும் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சுக்காற்று உயிரையே பறித்துவிடும். உங்களுக்குத் தெரிந்த இந்தச் செய்தியை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிராங்க்ளின் செய்ததும் அதைத்தானே!