அண்ணல் அம்பேத்கரின் இளமைக் காலம்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நிலையான ஊரும் தாயின் அரவணைப்பும் இன்றி, தந்தையோடு மனத்தாங்கல் கொண்டு வளர்ந்த பிள்ளையாக அவரை அறிந்தவர் நம்மில் சிலரே. நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவின் மௌ இராணுவ முகாமில், இராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியருக்குப் பதினான்காவது மகவாகப் பீமராவ் பிறந்தார். தந்தையார் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் கொங்கணத்துத் தபோலிக்கும், பின்னர் சதாராவுக்கும் பெயர்ந்தது. சதாராவுக்கு வந்த சிறிது காலத்திலேயே அன்னையார் மறைந்தார். அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார்.

சதாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியின்மேல் தனித்து அமர வேண்டியிருந்தது. தந்தையாரோ பிழைப்பின் பொருட்டுக் கோரேகாவில் காசாளராக இருந்தார். 1901இல் அவரைக் காணப் பீமராவ், தமையனாரோடும் அக்காள் வழிப் பிள்ளைகளோடும் மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினார். முன்னரே எழுதிய கடிதம் தந்தையாரிடம் சேராததால் அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. சாதி அறிந்த வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். முடிவில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாமே ஓட்டி, வழியெங்கும் குடிக்க நீர் கிடைக்காமல் அச்சிறுவர்கள் சென்றனர்.

தந்தையார் மறுமணம் செய்துகொண்டது பீமராவின் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. அன்னையின் இடத்தில் மற்றொருவரைக் காண அவர் மனம் ஒப்பவில்லை. தந்தையின் தயவில் வாழலாகாது, பம்பாய்க்கு ஓடி ஆலையில் வேலை தேட வேண்டும் என்று முடிவு செய்தார். வழிச்செலவுக்காக அத்தையின் பணப்பையை எடுத்தார். அதில் அரையணா மட்டுமே இருந்தது. வெட்கம் மேலிட, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். விரைந்து படித்து முடித்துத் தம் காலில் நிற்பதே வழி என்று உறுதி பூண்டார்.

குடும்பம் மீண்டும் பெயர்ந்து, பம்பாய் பரேலில் ஓர் அறைக் குடியிருப்பில் குடியேறியது. நெருக்கடி மிகுந்த அவ்வறையில் தந்தையார் இரவு இரண்டு மணி வரை தாம் விழித்திருந்து, பின்னர் மகனைப் படிக்க எழுப்பினார். மகன் கேட்ட நூலை வாங்க, மணமான மகளின் நகையைப் பெற்று அடகு வைத்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தந்தார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் பட்டம் பெற்றார்.

1913 தொடக்கத்தில், தந்தையாரின் விருப்பத்துக்கு மாறாகப் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையாரின் உடல்நிலை குறித்துத் தந்தி வந்தது. விரைந்து திரும்பிய மகனைக் கண்ட பின்னரே, பிப்ரவரி 2ஆம் நாள் இராம்ஜி கண் மூடினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1923இல் வெளியான ரூபாய் பற்றிய தம் ஆய்வு நூலை அண்ணல் தாய் தந்தையரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். சிறுவயதுச் சினத்தின் இடத்தில் நன்றி நின்றது.

ஊர் ஊராக அலைந்த பிள்ளைக்குப் படிக்க ஓர் இடம் எவ்வளவு அரியது என்பதை அவர் மறக்கவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அடுத்த ஆண்டே அது சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

இளைஞர்களே! வேலை தேடிப் பெற்றோர் ஊர் மாறலாம். வீட்டில் மனக்கசப்பு நேரலாம். அவற்றின் பொருட்டுப் பள்ளியை விட்டு ஓடாதீர்கள். நாமும் ஒன்றை நினைவிற் கொள்வோம்: நம் தெருவில் விளக்கொளி இன்றித் தவிக்கும் பிள்ளைக்கு விளக்கும், தங்க இடமற்ற பிள்ளைக்கு இடமும் தருவதே நம் சங்கத்தின் கடமையாகும்.