சிந்துக் கரையில் கண்ட கிருமி

நம் சங்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை 1897இல் சிகந்தராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸின் பெயரைத் தயங்காமல் சொல்லுவார்கள். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, பிரிவினைக்கு முந்திய இந்நாட்டில், படைக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்க வந்த ஒருவர் அதற்கு இணையானதொரு உண்மையைக் கண்டு எழுதி வைத்தார். அவர் பெயர் கிரிஃபித் எவன்ஸ். கால்நடை மருத்துவம் பயின்றோர் யாவரும் அறிந்த அப்பெயர் ஏனையோர் செவிக்கு அதிகம் எட்டவில்லை.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள டவின் என்னும் ஊரில் 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் பிறந்தார். இலண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1855இல் தேறினார். 1860இல் பீரங்கிப் படையில் சேர்ந்து, மறு ஆண்டே கனடாவுக்கு அனுப்பப்பட்டார். குதிரை வைத்தியம் மட்டும் அவருக்குப் போதவில்லை. பணியில் இருந்துகொண்டே மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவமும் கற்று 1864இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களத்தைப் பார்க்கச் சென்றவர், ஆபிரகாம் லிங்கனையும் சந்தித்தார். எதையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்னும் அந்த ஆவலே பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1877இல் அவர் இந்தியா வந்தார். 1880இல் சிந்து நதிக்கரையில், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளும் ஒட்டகங்களும் இனம் புரியாத நோயால் மடிந்துகொண்டிருந்தன. விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், இரத்தம் வற்றும், கால்களும் வயிறும் வீங்கும், உடல் எலும்புக்கூடாகும். அவ்வூரார் அதனைச் சுர்ரா என்றனர்; அழுகிப்போதல் என்பது பொருளாம். பெரிய ஈக்கள் கடிப்பதால் அது வருகிறது என்றும் அவர்கள் சொல்லிவந்தனர். எவன்ஸ் அதைப் பாமரர் பேச்சென்று தள்ளாமல் குறித்துக்கொண்டார்.

நோயுற்ற விலங்கின் இரத்தத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, மெல்லிய புழுப் போன்ற உயிர்கள் சிவப்பணுக்களுக்கிடையே நெளிந்து திரிவதைக் கண்டார். சில நாள் அவை இரத்தத்தில் திரளாக இருக்கும், சில நாள் ஒன்றும் தென்படாது, மீண்டும் தோன்றும். நோயுற்ற விலங்கின் இரத்தத்தை நல்ல குதிரைக்கும் நாய்க்கும் செலுத்தினார். அவையும் நோயுற்றன, அவற்றின் இரத்தத்திலும் அதே உயிர்கள் தென்பட்டன. ஆகவே இவ்வுயிரே நோய்க்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார்.

இன்று பள்ளிப் பாடம்போல் எளிதாகத் தோன்றும் இம்முடிவை அன்றைய பெரியோர் ஏற்கவில்லை. கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திய திமோத்தி லூயிஸ், இதை ஒத்த உயிர்களை எலிகளின் இரத்தத்தில் 1878இலேயே கண்டிருந்தார். அந்த எலிகளோ நலமாகவே இருந்தன. ஆதலின் குதிரையின் இரத்தத்தில் இருப்பதும் தீங்கற்றதே என்பது அறிஞர் கருத்தாயிற்று. பதவியும் புகழும் அவர்கள் பக்கம் இருந்தன. எவன்ஸிடம் இருந்தவை ஒரு நுண்ணோக்கியும் ஒரு குறிப்பேடும்.

அவர் எழுதிய அறிக்கையைப் பஞ்சாப் அரசாங்கம் 1880இல் அச்சிட்டது. அரசாங்க அறிக்கையின் கதி என்னவென்று நம்மில் உத்தியோகம் பார்ப்போருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எவன்ஸ் அத்துடன் நிற்கவில்லை. ஜார்ஜ் ஃபிளெமிங் 1875இல் இலண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவச் சஞ்சிகையில் அந்நோயைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அது 1881இலும் 1882இலும் பல இதழ்களில் தொடர்ந்து வெளிவந்தது. தலைப்பிலேயே இந்நோய் இரத்தத்தில் வாழும் உயிரால் உண்டாவதாக இருக்கலாம் என்றுதான் எழுதினார். உறுதி என்று எழுதவில்லை. உள்ளத்தில் ஐயமின்றி இருந்தவர் ஏட்டில் அவ்வளவு அடக்கம் காட்டியது எனக்கு வியப்பளிக்கிறது.

எழுத்தில் நின்றதால் அது உரியவர் கண்ணில் பட்டது. அவருள் முதல்வர் ஜான் ஹென்றி ஸ்டீல். இவரும் படைக் கால்நடை மருத்துவரே. 1882இல் ஃபிரெடரிக் ஸ்மித் என்பாருடன் சேர்ந்து நம் சென்னையிலிருந்தே கால்நடை மருத்துவக் காலாண்டிதழ் ஒன்றை நடத்தத் தொடங்கியவர். பின்னர் 1886இல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவரானார். பர்மாவில் சுமை தூக்கிய கோவேறு கழுதைகள் மடிந்தபோது, ஸ்டீல் 1885இல் அங்கும் அதே உயிரைக் கண்டார். அதன் இனத்தை அவர் தவறாகக் கணித்தபோதிலும், முதலில் கண்டவர் பெயரை அதற்குச் சூட்டத் தவறவில்லை. இனப்பெயர் பின்னர் டிரிப்பனோசோமா என்று மாறிற்று. எவன்ஸி என்னும் அடைமொழி மட்டும் இன்றளவும் மாறவில்லை.

1890இல் எவன்ஸ் ஓய்வு பெற்று வேல்ஸில் பாங்கர் நகரில் குடியேறினார். அதன் பிறகே காலம் அவர் பக்கம் திரும்பிற்று. ஆப்பிரிக்கக் கால்நடைகளைக் கொல்லும் நகானா நோயிலும், மனிதரைக் கொல்லும் தூக்க நோயிலும் அதே குலத்து உயிர்கள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. 1901இல் லெனார்டு ராஜர்ஸ், குதிரை ஈக்கள் சுர்ராவைப் பரப்புவதைச் சோதனையால் காட்டினார். தேரா இஸ்மாயில் கானின் ஊரார் பேச்சு மெய்யாயிற்று.

லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1917இல் அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் அளித்தது. மறு ஆண்டு அப்பள்ளியின் ஆய்விதழில் எண்பது கடந்த அம்முதியவர் தம் வாழ்க்கைக் குறிப்பைத் தாமே எழுதினார். அதே 1918இல் இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் கழகம் ஸ்டீல் நினைவுப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அவரைவிட இளையவரான ஸ்டீல் 1891இலேயே காலமாகிவிட்டார்.

சுர்ரா இன்னும் ஒழியவில்லை. 2000ஆம் ஆண்டு புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானன் விலங்குச்சாலையில் பல புலிகள் அவ்வகை நோயால் மாண்டன. 2004இல் மகாராஷ்டிரத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவரின் இரத்தத்திலும் எவன்ஸ் கண்ட அதே கிருமி காணப்பட்டது. மருத்துவம் அவரைக் காத்தது.

எவன்ஸ் தம் நூறாவது பிறந்த நாளையும் கண்டு, 1935ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் பாங்கரில் இயற்கை எய்தினார்.