பிள்ளைகளைக் கர்த்தருக்கென்று வளர்த்த சூசன்னா வெஸ்லி அம்மையார்

ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்ற இரண்டு சகோதரரைக்கொண்டு தேவன் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்தை அசைத்த எழுப்புதலைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களைப் பெற்ற தாயாரைப்பற்றி இந்த இதழில் தியானிப்போம்.

சூசன்னா அம்மையார் 1669-ல் லண்டனில் ஒரு போதகருக்கு 25-வது பிள்ளையாகப் பிறந்தார். 1688-ல் சாமுவேல் வெஸ்லியை விவாகம் பண்ணினார். கணவருக்கு எப்வொர்த் என்ற ஊரிலே குருவானவர் ஊழியம். பிறந்த பிள்ளைகள் 19. அதில் ஒன்பது பேரைக் கைக்குழந்தையிலேயே மண்ணுக்குக் கொடுத்தார். கடன் தொல்லை தீர்ந்தபாடில்லை. 1705-ல் கணவரைக் கடனுக்காகச் சிறையிலே போட்டார்கள். நம்ம ஊழியக்காரர் வீட்டுக் கஷ்டம்தான், பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்க.

அப்படிப்பட்ட வீட்டிலே, பிள்ளைக்குப் பேச்சு வந்தவுடன் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வயது நிறைந்ததும் பாடம். முதல் நாளிலேயே எழுத்துக்கள் முழுவதும் தெரிந்துவிட வேண்டும். மாலியும் நான்சியும் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்கள்! அப்புறம் நேரே ஆதியாகமம் முதல் அதிகாரம். காலை 9 முதல் 12 வரை, மத்தியானம் 2 முதல் 5 வரை படிப்பு.

பிரம்பும் உண்டு. ஒரு வயசிலேயே சத்தம் போடாமல் அழப் பழக்கினார். வாசிக்கிற எனக்கே அது கடினமாய்த்தான் தோன்றுகிறது. ஆனால் தப்பை ஒத்துக்கொண்டு திருந்துகிற பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதும் அவர் வீட்டுச் சட்டம். அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய் சொல்லுகிறார்கள் என்று கண்டுகொண்டார். ஒரே தப்புக்கு இரண்டு தரம் தண்டனையும் கிடையாது. மேடையிலே பிரம்பைப்பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பாதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

1709 பிப்ரவரி 9 இராத்திரி வீடு தீப்பிடித்தது. மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று ஜன்னல் வழியாய் இறக்கினார்கள். பிள்ளைகளை வெவ்வேறு வீடுகளில் விடவேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது உலகப் பாட்டும் முரட்டுப் பேச்சும் கற்றுக்கொண்டு, ஓய்வுநாளை மறந்து வந்தார்கள். பாடுபட்டதெல்லாம் சாம்பலானது போல இருந்தது. அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இனி சொல்லப்போவது நம்முடைய தமிழ் மண்ணோடு சம்பந்தப்பட்டது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் செய்த ஊழியத்தின் விவரம் இங்கிலாந்தில் புத்தகமாய் வந்திருந்தது. சாமுவேல் லண்டனுக்குப் போயிருந்த சமயம், மூத்த மகள் எமிலி அதைத் தகப்பனாரின் அறையிலே கண்டெடுத்தாள். அதைக் கேட்ட தாயாருக்கு நாட்கணக்காய் வேறே நினைவில்லை. மிஷனெரியாகப் போகமுடியாத ஒரு ஸ்திரீ ஆத்துமாக்களுக்காக என்ன செய்யலாம் என்று பாரப்பட்டு, தன் பிள்ளைகளிடத்திலேயே துவங்கத் தீர்மானித்தார்.

இராத்திரிதோறும் ஒரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து அதின் ஆத்துமாவைப்பற்றிப் பேசுவார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வர ஆரம்பித்து, கூட்டம் 200 பேராகிவிட்டது. உதவிக் குருவானவர் கோள் எழுதினார். நிறுத்தச் சொன்ன கணவருக்கு அம்மையார் தாழ்மையாகவும் உறுதியாகவும் பதில் எழுத, ஜெபம் தொடர்ந்தது.

வருஷங்கள் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய படிப்பாளியாயிருந்த ஜான், அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தனக்கு மறுபடியும் தரும்படி தாயாரைக் கேட்டு எழுதினார். தேவ ஜனமே, ஊர் ஊராய்க் கூட்டத்துக்கு ஓடுகிற நம்மிடத்தில் எந்தப் பிள்ளையாவது அப்படிக் கேட்குமா?

செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெட்டியைப்பற்றியும் எழுதவேண்டும். எட்டு வயசிலே கிரேக்க வேதாகமம் வாசித்த புத்திசாலி. 1725-ல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய், ஏமாற்றப்பட்டு, கர்ப்பவதியாய்த் திரும்பினாள். அவசரமாய் வில்லியம் ரைட் என்ற குழாய் வேலைக்காரனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் குடிகாரன். பெற்ற பிள்ளைகளும் சாகக்கொடுத்தாள். தகப்பனார் அவளை மன்னிக்கவில்லை. தாயாரும் சீக்கிரம் இளகவில்லை. அக்காளுக்காகப் பரிந்து பிரசங்கித்த ஜான் தகப்பனாரின் கோபத்துக்கு ஆளானார். பிள்ளை வழிதப்பினால் தாயின் ஜெபத்தைக் குறைசொல்லுகிற விசுவாசிகள் இந்த வீட்டைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

1742 ஜூலை 23-ல் லண்டனில் ஜானும் மகள்மாரும் சூழ்ந்து நிற்க அம்மையார் கர்த்தரண்டை சேர்ந்தார். ஜீவன் பிரிந்தவுடன் துதியின் சங்கீதம் பாடச் சொல்லியிருந்தார், அப்படியே பாடினார்கள். அதற்குப்பின் ஹெட்டி ஏறக்குறைய எட்டு வருஷம் இருந்தாள். தம்பிமாரின் ஊழியத்தினால் அவளும் இரட்சகரைப் பற்றிக்கொண்டாள். 1750 மார்ச்சில் அவள் மரித்தபோது, சனிக்கிழமைப் பிள்ளை சார்லஸ் கல்லறைவரைக்கும் கூடப் போய் அழுதார்.